கரண்ட் வழியுமா?

போன வாரம் இந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டு எழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேங்க்கில் ஆபீசராக இருந்த மகள் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்யத் தொடங்கியது பழைய கதை. கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கி வாசலில் நிறுத்தியதும், அதற்கு அப்பா 'சுவிட்ச் வண்டி' என்று பெயர் வைத்து, இன்றுவரை அதில் ஏறாமல் இருப்பதும்கூடப் பழைய கதைதான்.

புதிய கதை, மலைமேல் இருக்கும் பெரிய ஓட்டலிலிருந்து வந்த ஆர்டர். அங்கே புதிதாகக் கட்டிய மண்டபத்தின் திறப்பு விழாவுக்கு மூன்றடுக்கு கேக் வேண்டும். மாலை நான்கு மணிக்குள் உருகாமல், சரியாமல், அங்கே போய்ச் சேர வேண்டும். இது நன்றாக அமைந்தால் இனி ஓட்டலின் கேக் எல்லாம் உங்களிடம்தான் என்று தலைமைச் சமையல்காரர் சொல்லியிருந்தார். அமையாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. மகளுக்கு அது சொல்லாமலே தெரியும்.

"ஆபீசர்னு ஊரே மரியாதை குடுத்துச்சு. இப்ப மாவு பிசையறா" என்று அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னதில்தான் போன வாரம் சண்டை மூண்டது.

அப்பாவை இந்தத் தெருவில் எல்லாரும் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுவார்கள். மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்க்கில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்றவர். அங்கே வேலை செய்தவர்கள் மட்டும் அவர் காதில் விழாதபடி 'ஃபுல் சார்' என்பார்கள். வண்டிக்காரர் பாதி டேங்க் போதும் என்றாலும் விடமாட்டார். "மலை ஏறப் போறீங்க, ஃபுல் பண்ணிக்குங்க" என்று சொல்லிச் சொல்லியே நிரப்பி அனுப்புவார். பாதி டேங்க்கோடு ஒருவன் மலை ஏறுவதைப் பார்த்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

இனி அந்தக் காலைக்கு வருவோம்.

மகள் போர்ட்டிகோவுக்கு வந்து காரின் கதவைத் திறந்தாள். திரையைப் பார்த்தவள், "ஐயோ!" என்று சீட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பேட்டரியில் நூறு சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று இருந்தது.

முந்தைய நாள் முழுவதும் ஓவன் ஓடியது. ஓவனும் காரும் ஒரே நேரத்தில் கரண்ட் எடுத்தால் இந்த வீட்டில் ஃபியூஸ் போய்விடும். அதனால் வழக்கமாகப் பகலில் போடும் சார்ஜை இந்த முறை படுக்கப்போகும் முன் போட்டுவிட்டுப் போயிருந்தாள். சார்ஜர் வயர் காரில் செருகியபடியே இருந்தது. சுவரில் சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தது.

"கரண்ட் போச்சாம்மா ராத்திரி?" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"கரண்ட் எங்க போச்சு? நான்தான் அணைச்சேன்" என்று அப்பா செய்தித்தாளோடு வெளியே வந்தார். அவர் முகத்தில் ஒரு பெருமிதம் வேறு. "நீ பாட்டுக்குப் போட்டுட்டுத் தூங்கப் போயிட்ட. பக்கத்துல ஒரு ஆள் கிடையாது. பைப்பை வண்டியில சொருகிட்டு ஆள் நிக்காம போகலாமா? என் சர்வீஸ்ல ஒருத்தனை அப்படி விட்டதில்ல. நான் மட்டும் பாக்கலேன்னா விடிய விடிய ஊத்திக்கிட்டே இருந்திருக்கும்."

மகள் அவரையே பார்த்தாள்.

"அப்பா, இது பெட்ரோல் இல்லப்பா. நிரம்பினா அதுவா நின்னுடும்."

"அதுவா எப்படி நிக்கும்?"

"நின்னுடும்ப்பா! கரண்ட் எங்கயாச்சும் வழியுமா?"

அம்மா சேலையில் பின் குத்திக்கொண்டே வாசலுக்கு வந்தாள். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "வழிஞ்சா துடைக்கத் துணியாவது வச்சிட்டுப் படுத்தீங்களா?" என்றாள் கணவரிடம்.

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். மகள் சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது. அவள் கத்தியிருந்தால் அப்பா பதிலுக்குக் கத்தியிருப்பார். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"பத்தாதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சமதரையா இருந்தா போயிட்டே வந்துடலாம். இது மலைப்பா. கேக்குக்காக ஏசி வேற முழு வேகத்துல ஓடணும். பாதி மலையில நின்னுடும்."

உடனே சார்ஜ் போட்டார்கள். ஆனால் வீட்டுக் கரண்டில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். கேக்கின் மிச்ச வேலைக்கு ஓவன் ஓடும் நேரமெல்லாம் அதையும் நிறுத்த வேண்டும். கிளம்பும் நேரத்துக்குள் நாலைந்து எண் கூடினால் பெரிது.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். வகுப்பில் அவள் இப்படி நின்றால் கடைசி பெஞ்சும் மூச்சு விடாதாம். போன தடவை மலைக்குப் போனபோது எவ்வளவு இறங்கியது, ஏசி எவ்வளவு தின்னும், கேக்கின் கனம், அப்பாவின் கனம் என்று எல்லாம் அதில் அடக்கம்.

"அடிவாரத்தை விட்டுக் கிளம்பும்போது அறுபத்திரண்டு இருந்தா ஓட்டலுக்குப் போயிடலாம். கொஞ்சம் உபரியும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றாள்.

"அடிவாரத்துல எங்கம்மா ஏத்தறது?"

அம்மா கணவரைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். அப்பா வாசல் கேட்டைப் பார்த்தார்.

அடிவாரத்தில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் இயந்திரம் ஒரே இடத்தில்தான் இருந்தது. அப்பா வேலை செய்த பங்க்கில். அவர் ஓய்வுபெற்ற கையோடு அவருடைய மூன்றாம் நம்பர் பம்ப்பைப் பிடுங்கிப்போட்டு, அந்த இடத்தில்தான் அதை நட்டிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

"எனக்கு இன்னிக்குப் பரீட்சை டியூட்டி. லீவு கிடைக்காது. கேக்கைப் பிடிச்சுக்கப் பின்னாடி ஒரு ஆள் வேணும்" என்றாள் அம்மா. "உங்களுக்குத்தான் ஆள் நிக்காம எதையும் விடப் பிடிக்காதே. போய் நில்லுங்க." உள்ளே போய்த் தன் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள். வெயில் கொளுத்தும் நாளில் சால்வை எதற்கு என்று அவர் கேட்க வாயெடுப்பதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

*

சால்வை எதற்கு என்பது கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பின்சீட்டை மடித்து, சமமாகப் பலகை போட்டு, அதில் கேக் பெட்டி நின்றது. அதன் பக்கத்தில் மிச்ச இடத்தில் அப்பா முழங்காலை மடித்து உட்கார்ந்து பெட்டியை இரு கையாலும் அணைத்திருந்தார். ஏசி முழு வேகத்தில் அவர்மேலேயே வீசியது. பல் கிட்டியது. மூக்கு நுனி சில்லிட்டுப்போனது. வெளியே மனிதர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறாமையாக இருந்தது.

பெட்டியின் மேல்மூடி கண்ணாடித்தாள். ஏறிய நேரத்திலிருந்து அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. வெள்ளைக் கிரீமில் அடுக்கு அடுக்காக இதழ்கள். ஒவ்வொரு இதழும் ஓரத்தில் காகிதம்போல் மெலிந்து, லேசாகச் சுருண்டிருந்தது. இதை அவள் எந்த நேரத்தில் செய்தாள் என்று யோசித்தார். மாவு பிசைகிறாள் என்று தான் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அவருக்கே கூச்சமாக இருந்தது.

"வண்டி ஓடுதா, நிக்குதா?" என்று கேட்டார் கொஞ்ச நேரம் கழித்து.

"ஓடுதுப்பா. ஏன்?"

"இல்ல, சத்தமே காணோம். கியர் மாத்தற குலுக்கல்கூட இல்ல. பழைய வண்டியா இருந்தா இந்நேரம் இது கூழாகியிருக்கும்."

மகள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். சுவிட்ச் வண்டியை அப்பா முதல்முறையாகப் பாராட்டுகிறார். அதைச் சுட்டிக்காட்டி அவரை ரோஷப்பட வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பங்க்குக்குள் நுழைந்தபோது, சார்ஜ் ஏற்றும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சிவப்புக் கார் நின்றது. சார்ஜர் வயரின் முனையில் இருக்கும் கன் அதில் செருகியிருந்தது. இயந்திரத்தின் திரையில் தொண்ணூற்றேழு என்று காட்டியது. அது தொண்ணூற்றெட்டு ஆகிற வழியாக இல்லை.

"எண்பதுக்கு மேல ரொம்ப மெதுவாத்தான் ஏறும்" என்றாள் மகள். "அவர் எடுத்தாத்தான் நாம போட முடியும்."

"எடுக்கச் சொல்லு."

"ஆளைக் காணோமேப்பா."

அப்பா பெட்டியிலிருந்து கையை எடுத்தார். "ஆளைக் காணோமா? பைப்பைச் சொருகிட்டு ஆளைக் காணோமா?"

காரிலிருந்து சால்வையோடு இறங்கியவரைப் பார்த்ததும் பம்ப்பில் நின்றவர்கள் ஒரு நிமிடம் திகைத்தார்கள். பிறகு, "சூப்பர்வைசர் சார்!" என்று ஓடிவந்தார்கள். அவர் யாருக்கும் நின்று பதில் சொல்லவில்லை. மூன்றாம் நம்பர் பம்ப் இருந்த இடத்தைப் பார்த்து வருத்தப்படவும் நேரமில்லை. நேராக அலுவலக அறைக்குள் போய், தான் காலமெல்லாம் பிடித்த அதே மைக்கை எடுத்தார்.

"சிவப்புக் கார்க்காரர் எங்கிருந்தாலும் உடனே வரவும். உங்க வண்டி வயிறு நிறைஞ்சு ஏப்பம் விடுது. பின்னாடி பசியோட ஆள் நிக்குது."

எதிர்க்கடையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வாயைத் துடைத்தபடி ஓடிவந்தார். "சாரி சார், சாரி சார்" என்று கன்னை எடுத்து மாட்டிவிட்டு, சொன்ன வேகத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மகள் தன் காரை நிறுத்தி, கன்னைச் செருகினாள். திரையில் முப்பத்தெட்டு. எண் விறுவிறுவென்று ஏறத் தொடங்கியது. அப்பா வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். வயரில் ஒரு கை வைத்திருந்தார். வைக்க வேண்டியதில்லை என்று மகள் சொல்லவில்லை.

பம்ப்பில் நின்ற ஆள் ஒருவர் பழக்கத்தில், "சார், வண்டியை ஆஃப் பண்ணிடச் சொல்லுங்க" என்றார்.

"ஆஃப் பண்ணாத!" என்று அப்பா போட்ட சத்தத்தில், பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "உள்ள கேக் இருக்கு. ஏசி நிக்கக் கூடாது. இதுல ஏத்தும்போதும் ஏசி ஓடலாம்." காலையில்தான் மகள் சொல்லிக் கேட்டது. ஆனால் தானே கண்டுபிடித்ததுபோல் சொன்னார்.

பின்னாலேயே ஒரு எலெக்ட்ரிக் டாக்ஸி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, இவர்கள் திரையை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும் சார்? ஃபுல் பண்றீங்களா?"

வழக்கமாக அந்தக் கேள்வியைக் கேட்பவர் அப்பாதான். கேட்கப்படுவது அவருக்குப் புதிதாக இருந்தது. மகளைப் பார்த்தார். மகள் முன்சீட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். கேக்கை வடிவமாக வெட்டியபோது விழுந்த ஓரத்துண்டுகள் அதில் இருந்தன.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணா. சாப்பிட்டுக்கிட்டே இருங்க."

டாக்ஸி டிரைவர் வேண்டாவெறுப்பாக ஒரு துண்டை எடுத்தார். அடுத்ததை அவரே கேட்டு வாங்கினார். மூன்றாவது துண்டை எடுத்தபோது, சார்ஜைப் பற்றிய பேச்சையே மறந்துவிட்டார்.

"இங்க வந்தா அரைமணி சும்மா வேடிக்கை பாக்கணும் சார். வாயில போட ஒண்ணும் கிடைக்காது. இது எந்தக் கடையில வாங்கினீங்க?"

சத்தம் கேட்டு அதற்குள் பங்க் முதலாளியும் வெளியே வந்திருந்தார். அப்பா சட்டென்று சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார். ஓய்வுபெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"வாங்க சூப்பர்வைசர்! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? மைக்குல உங்க குரலைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல." டப்பாவிலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டார் முதலாளி. மென்றார். மெல்லுவதை நிறுத்திவிட்டு டப்பாவையே பார்த்தார். "யார் பண்ணினது இது?"

"என் பொண்ணு" என்றார் அப்பா.

இரண்டே சொல்தான். ஆனால் அவள் பேங்க்கில் சேர்ந்தபோதும் சரி, ஆபீசர் ஆனபோதும் சரி, அப்பா அதை இந்தக் குரலில் சொல்லி மகள் கேட்டதில்லை. திரையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலாளி இன்னொரு துண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ யோசனையோடு உள்ளே போனார்.

திரையில் அறுபத்திரண்டு வந்தது.

மகள் கன்னின் பிடியில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

"என்னம்மா?"

"இன்னும் கொஞ்சம் ஏத்திக்கலாமாப்பா? மேல ஒரு சார்ஜர் கிடையாது. வளைவுல பாதியில நின்னுட்டா... கேக் போச்சு, ஆர்டர் போச்சு, எல்லாம் போச்சு." மலை எத்தனையோ முறை ஏறியவள்தான். ஆனால் காலையில் அந்த நாற்பத்தொன்றைப் பார்த்ததிலிருந்து அவளுடைய தைரியத்தை யாரோ சுவிட்சைத் தட்டி அணைத்ததுபோல் இருந்தது. "எண்பது வரைக்கும் போட்டுடறேன்."

அப்பா அலுவலக அறையின் கடிகாரத்தைப் பார்த்தார். எண்பதுவரை நின்றால் நான்கு மணிக்கு வளைவில் இருப்பார்கள். அது மகளுக்கும் தெரியும். பயம் வந்தவளுக்குக் கடிகாரம் எங்கே தெரியும்?

"டீச்சர் என்ன கணக்கு சொன்னாங்க?"

"அறுபத்திரண்டு."

"இப்ப எத்தனை?"

"அறுபத்திமூணு."

"இந்த வண்டியை நீதானே இத்தனை நாளா ஓட்டற? எந்த ஏத்தத்துல எவ்வளவு குடிக்கும்னு உனக்குத்தானே தெரியும்? அம்மா கணக்கு சரியா, தப்பா? நீ சொல்லு."

மகள் ஒரு கணம் யோசித்தாள். "சரிதான்ப்பா."

"அப்ப போதும். எடு."

பம்ப்பில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபுல் சார் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல் வந்து அவர்கள் கேட்டதே இல்லை. அதுவும் மலையேறும் வண்டிக்கு. அவர் அதைச் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் கொஞ்சம் ஆடித்தான் போயிருந்தார். அதை மறைக்கச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்பக்கம் ஏறினார்.

"திரும்பி வர்றதுக்குப் பத்தலேன்னா?" என்றாள் மகள்.

"நான் இறங்கித் தள்ளறேன். முதல்ல போ."

*

மலைப்பாதை தொடங்கியது. மகள் திரையின் எண்ணைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். அப்பா இதழ்களை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் பெட்டியோடு சேர்ந்து தானும் சாய்ந்து கொடுத்தார். கால் மரத்துப்போனது. மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை இல்லை.

ஓட்டல் வாசலில் கார் நின்றபோது எண் இருபதுக்குக் கீழே இருந்தது. கடிகாரத்தில் நான்கு அடிக்க இன்னும் நேரமிருந்தது. மகள் ஸ்டியரிங்கில் தலைசாய்த்து ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

தலைமைச் சமையல்காரர் கேக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அடி அடுக்கைப் பார்த்தார். ஓர் இதழின் ஓரத்தை விரல் நகத்தால் மெல்லத் தொட்டார். அப்பாவுக்கு அந்த விரலைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது.

"இந்த வெயில்ல, இந்த வளைவுல, ஒரு இதழ்கூட அசையலையே. எப்படிக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் சமையலறைப் பக்கம் திரும்பி, "எல்லாரும் வந்து பாருங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். வெள்ளைத் தொப்பிகள் ஒவ்வொன்றாக வந்து கேக்கைச் சுற்றி நின்றன.

"அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் உங்க கேக்தான்" என்றார் மகளிடம். பிறகு, சால்வையோடு மூலையில் நின்றவரைக் காட்டி, "இவர் உங்க உதவியாளரா?" என்று கேட்டார்.

மகள் பதறிப்போய் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஆமாங்க. இன்னிக்குத்தான் சேர்ந்தேன்."

வெளியே வந்ததும் அவர் முதல் வேலையாகக் காரின் திரையைப் பார்த்தார். முகம் வாடியது. கட்டடத்தைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். "இதை வச்சுக்கிட்டு வீடு போகணுமே. எங்கயாச்சும் ஒரு பிளக் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாக்கட்டா?"

"வேண்டாம்ப்பா. முன்னாடி வந்து உக்காருங்க. நம்பரை மட்டும் பாத்துக்கிட்டே வாங்க."

கார் இறங்கத் தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இது ரிப்பேரா? எண் ஏறுது!"

"ரிப்பேர் இல்லப்பா. இறக்கத்துல பிரேக் பிடிச்சா சக்கரம் சுத்தறதுலயே கரண்ட் உண்டாகி பேட்டரிக்குத் திரும்பப் போயிடும்."

"யாரும் ஊத்தாமலா?"

"யாரும் ஊத்தாமதான்."

எண் இன்னொன்று கூடியது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழே விரியும் பாதையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மலை இறங்கி வரும் வண்டிகள் வறண்டுபோய்த் தன் பங்க்குக்குள் தள்ளாடி நுழைந்ததை எத்தனை முறை பார்த்திருக்கிறார்! "இறங்க இறங்க நிரம்பற டேங்க்கை நான் பாத்ததே இல்லம்மா" என்றார். அப்புறம் அடிவாரம் வரும்வரை ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். பங்க்கைக் கடக்கும்போது, காரை மெதுவாக ஓட்டச் சொல்லி, கண்ணாடியை இறக்கி எல்லாருக்கும் கையாட்டினார்.

*

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைப் போனில் கேட்டிருந்தாலும் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு.

"கணக்கு எப்படி?" என்றாள் முதலில்.

"உபரி கொஞ்சம் ஜாஸ்தி டீச்சர். அடுத்த தடவை குறைச்சே சொல்லலாம்" என்றார் அப்பா. அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பாதி டேங்க்கோடு யாரையும் மலை ஏற விடாத மனிதர் பேசுகிற பேச்சா இது என்று அவளுக்கு இருந்தது.

மகள் காரைப் பூட்டுவதற்குள் அப்பா சார்ஜர் வயரை எடுத்துச் செருகிவிட்டார். சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி கேட்டார்.

"என்னங்க இது? பைப்பைச் சொருகிட்டு ஆள் நிக்காம வந்துட்டீங்க?" என்றாள் அம்மா.

"அது பாத்துக்கும்" என்றார் அவர்.

மகள் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள். காலையில் சிரிக்க முடியாமல் போனதற்கும் சேர்த்துச் சிரித்தாள். அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. அப்பா மட்டும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டிருந்தார், அதிக நேரம் முடியவில்லை.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"முதலாளி!" என்றார் போனில். "சொல்லுங்க முதலாளி... ஆமா, வந்து சேர்ந்துட்டோம்... அந்த டப்பாவுல இருந்ததா? ஆமா... டாக்ஸிக்காரர் கேட்டாரா?... நம்ம பங்க்குலயா?... தினமுமா?"

மகளும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பி டம்ளர் அம்மாவின் கையில் அப்படியே நின்றது.

அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நின்றபடியே இருந்தவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளியோடு உட்கார்ந்தபடி பேசுவது அவருக்கு இதுதான் முதல் முறை.

"அதை நீங்க என்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்லீங்க. நான் உதவியாளர்தான்" என்றார். "முதலாளிகிட்டதான் பேசணும். லைன்ல இருங்க, குடுக்கறேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளிடம் நீட்டினார். அவர் கண் ஈரமாக இருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

"முதலாளி, உங்களுக்குத்தான்" என்றார்.

மகள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக் காதில் வைத்தாள். "சொல்லுங்க" என்றாள்.

எதிர்முனை சொன்னதைக் கேட்டதும் அவள் புருவம் உயர்ந்தது.

"சார்ஜர் பக்கத்துல கேக் கடையா? மூணாம் நம்பர் பம்ப் இருந்த இடத்துலயா?" என்றாள்.